தவணை தவறுவது குணக்கேடா?

கல்விக் கடன் என்பது வருமானமே இல்லாத ஒருவர், நாளை வருமானம் வரும் என்ற நம்பிக்கையில் வாங்கும் கடன். நகைக் கடனுக்குப் பின்னால் நகை இருக்கிறது. வீட்டுக் கடனுக்குப் பின்னால் வீடு இருக்கிறது. கல்விக் கடனுக்குப் பின்னால் இருப்பது, கல்லூரியில் இன்னும் காலெடுத்து வைக்காத பதினெட்டு வயதுப் பிள்ளையின் எதிர்காலம் மட்டுமே. அந்த எதிர்காலம் நினைத்தபடி அமையாவிட்டால் தவணை தவறுகிறது. தவறிய தவணை கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டில் ஏறுகிறது. பிறகு அவர் கடன் கேட்டுப் போகும் வங்கிகளும், சில இடங்களில் வேலை கொடுப்பவர்களும் அந்த ஏட்டைப் பார்த்தே அவர் நம்பத்தக்கவரா என்று முடிவு செய்கிறார்கள். இங்கே ஒரு பழைய அறக்கேள்வி புது உருவில் எழுகிறது: கொடுக்க முடியாமல் போனதும் கொடுக்க மனமில்லாமல் போனதும் ஒன்றா? ஒன்றில்லை என்றால், இரண்டையும் ஒரே எண்ணால் குறிக்கும் பதிவைக் கொண்டு ஒருவரின் குணத்தை அளப்பது நியாயமா?

கடன் பதிவு உருவாகும் விதம்

இந்தியாவில் இன்று நடைமுறையில் உள்ள கல்விக் கடன், 2001-இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டமாகத் தொடங்கியது. படிப்பு முடியும் வரையிலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. பிறகு 15 ஆண்டுகள் வரை தவணை நீளலாம். ரூ.7.5 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்பதில்லை. தந்தையோ தாயோ இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். தவணைக்கு விடுப்பு உண்டே தவிர வட்டிக்கு விடுப்பு இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் ரூ.4 லட்சம் வாங்கிய மாணவருக்கு 10 சதவீதத் தனி வட்டி என்று வைத்துக்கொண்டால், ஐந்தாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் ரூ.1.4 லட்சம் சேர்ந்திருக்கும். ஆக மொத்தம் ரூ.5.4 லட்சம். அதே வட்டியில் பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ ரூ.7,100. முதல் வேலையில் ரூ.15,000 சம்பளம் வாங்குபவருக்கு அது கிட்டத்தட்டப் பாதிச் சம்பளம். வேலையே கிடைக்காதவருக்கு எட்டாத தொகை.

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி அது வாராக்கடன். இந்தத் தகவலை வங்கிகள் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். அவற்றுள் முதலாவதான சிபில் 2000-இல் தொடங்கியது. இத்தகைய நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. ஒருவரின் கடன் வரலாற்றை 300 முதல் 900 வரையிலான ஒரு மதிப்பெண்ணாகச் சுருக்கித் தருவது இவற்றின் வேலை. எந்த நிறுவனம் தந்தாலும் மக்கள் வாயில் அது ‘சிபில் ஸ்கோர்’தான்.

ஒரு சிபில் அறிக்கையைப் பிரித்தால், ஒவ்வொரு கடனுக்குக் கீழேயும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். 36 மாதங்கள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். ஒழுங்காகக் கட்டிய மாதத்தின் கட்டத்தில் ‘000’ என்றிருக்கும். தவறினால் ‘030’, ‘060’, ‘090’ என்று எண் ஏறும். கெடு தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு அது. வசூலாகாது என்று வங்கி கணக்கிலிருந்து தள்ளிய கடனுக்கு ‘ரிட்டன் ஆஃப்’ என்றும், பேசிக் குறைத்து ஒரே தடவையில் முடித்துக்கொண்ட கடனுக்கு ‘செட்டில்டு’ என்றும் குறிப்பு விழும். அந்தக் கட்டத்தில் காரணம் எழுத இடமில்லை. தந்தையை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் தவணைப் பணத்தை அங்கே கட்டியவருக்கும் ‘090’தான், கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு வங்கியின் அழைப்பை எடுக்காமலேயே இருந்தவருக்கும் ‘090’தான். இணைக் கடனாளியின் அறிக்கையிலும் அதே எண் ஏறுவதால், மகள் படித்த படிப்புக்காகத் தந்தை கேட்ட வீட்டுக் கடன் நின்றுபோகவும் கூடும்.

வாக்கும் வல்லமையும்

கடன் என்பது ஒரு வாக்கு. வாக்கைக் காப்பது அறம் என்பதில் எந்தச் சமயமும் மாறுபடவில்லை. ஆனால் வாக்குத் தவறுவதில் இரண்டு கூறுகள் உள்ளன: ஒன்று மனம், மற்றது வல்லமை. மனம் இருந்து வல்லமை இல்லாதபோது நேர்வது துன்பம். வல்லமை இருந்து மனம் இல்லாதபோது நேர்வது குற்றம். கடன் கொடுத்தவருக்கு இரண்டிலும் இழப்பு ஒன்றுதான். ஆனால் கடனாளியைப் பற்றிய தீர்ப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்க முடியாது. இந்த வேறுபாட்டைச் சமய மரபுகள் மிக நுணுக்கமாகவே கையாண்டிருக்கின்றன. மாணவரின் கடனைத் தனியாகவே எடுத்துப் பேசிய இடங்களும் அவற்றில் உண்டு.

வைதிக மரபும் நீதி நூல்களும்

தைத்திரீய சம்ஹிதை, பிறக்கும்போதே மூன்று கடன்களோடு பிறக்கிற அந்தணனைப் பற்றிப் பேசுகிறது: முனிவர்களுக்கும் தேவர்களுக்கும் முன்னோர்களுக்கும் பட்ட கடன்கள் அவை. இவற்றுள் முனிவர்களுக்கான கடன் தீர்வது மாணவ வாழ்க்கையால். அறிவைத் தேடித் தந்தவர்களுக்குச் செய்யும் கைம்மாறு, அந்த அறிவைக் கற்று அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவது என்பதே இதன் உட்பொருள். அந்தக் காலத்தில் இந்த வாய்ப்பு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கருத்து ஆழமானது: படிப்பதே ஒரு கடனை அடைக்கும் செயல். இன்றோ படிப்பு கடனை உண்டாக்கும் செயலாகிவிட்டது. கல்வி ஒரு தனிமனிதரின் முதலீடு மட்டுமே என்று கருதினால் கடன் முழுவதும் மாணவர் தலையில் விழுவது இயல்பாகத் தோன்றும். கல்வியின் பயன் ஊருக்கும் போகிறது என்று ஒப்புக்கொண்டால், ஊருக்கும் அந்தச் சுமையில் பங்கு உண்டு.

அந்தப் பங்கை ஒரு கதையாகக் காட்டியவர் காளிதாசர். ரகுவம்சத்தின் ஐந்தாம் சருக்கத்தில் கௌத்சன் என்ற மாணவன் வருகிறான். குரு வரதந்து காணிக்கை வேண்டாம் என்று சொல்லியும், இவன் விடாமல் வற்புறுத்துகிறான். சினந்த குரு, கற்பித்த பதினான்கு வித்தைகளுக்குப் பதினான்கு கோடி கேட்டுவிடுகிறார். கௌத்சன் அரசன் ரகுவிடம் வருகிறான். ரகுவோ வேள்வியில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, விருந்தினரை உபசரிக்க மண்பாத்திரம் ஏந்தி நிற்கிறான். அதைக் கண்டு வேறிடம் போக எண்ணிய மாணவனை அவன் விடுவதில்லை. படிப்பை முடித்த ஒருவன் தன்னிடம் கேட்டுக் கிடைக்காமல் இன்னொருவரை நாடிப் போனான் என்ற பழி தனக்கு வரக்கூடாது என்று இரண்டு மூன்று நாள் தங்கச் சொல்கிறான். குபேரன் மேல் படையெடுக்க அவன் ஆயத்தமாகும்போதே கருவூலத்தில் பொன் மழை பொழிகிறது. முழுவதையும் கொடுக்கிறான் ரகு. குருவுக்கு வேண்டியதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம் என்கிறான் கௌத்சன். நகரத்து மக்கள் இருவரையும் போற்றுகிறார்கள். இந்தக் கதையில் மாணவனின் நேர்மை குறையவில்லை. கடன் தள்ளுபடியும் ஆகவில்லை. ஆனால் மாணவனின் கடன் தீராமல் நிற்பதை அரசன் தன் மேல் விழும் பழியாகக் கருதுகிறான்.

கதையில் உள்ள பரிவை அர்த்தசாஸ்திரம் விதியாகவே எழுதியது. கடன்களைப் பற்றிய பகுதியில், நீண்ட வேள்வியில் இருப்பவர், நோயாளி, குருவின் வீட்டில் தங்கிப் படிப்பவர், சிறுவர், பொருளில்லாதவர் ஆகியோரின் கடனுக்கு வட்டி வளரக்கூடாது என்கிறார் கௌடில்யர். வரிவசூலிலும் தண்டனையிலும் இளகாத கை அவருடையது. அவரே படிப்புக் காலத்தில் வட்டியை நிறுத்தினார். இன்றைய திட்டங்களில் அதற்கு நெருங்கி வருவது, 2009-இல் தொடங்கிய மத்திய அரசின் வட்டி மானியம். ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சம் வரை உள்ள குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்படிப்பு படிக்கும்போது, தவணை விடுப்புக் காலத்து வட்டியை அரசே ஏற்கிறது. மற்றவர்களுக்கு வட்டி முதல் நாளிலிருந்தே வளர்கிறது.

தந்தையின் கடனை மகன் தீர்ப்பது புனிதக் கடமை என்று தர்மசாஸ்திரங்கள் கூறின. அங்கேயும் எல்லா வகைக் கடனையும் ஒன்றாக எண்ணவில்லை. குடிக்கும் சூதுக்கும் காமத்துக்கும் தந்தை வாங்கிய கடனை மகன் அடைக்க வேண்டியதில்லை என்கிறது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. எதற்காக வாங்கினார் என்பதே அறத்தின் முதல் கேள்வியாக இருந்தது. இந்தப் புனிதக் கடமைக் கோட்பாட்டை இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் 2005-இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். மகன் தலையிலிருந்து தந்தையின் கடனைச் சட்டம் இறக்கி வைத்த அதே காலத்தில், இணைக் கடனாளி என்ற கையெழுத்தின் வழியாகப் பிள்ளையின் கடன் தந்தையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பௌத்தம், இஸ்லாம், யூத மரபு

இல்லறத்தாரின் நான்கு இன்பங்களுள் ஒன்றாகக் கடனின்மையைப் புத்தர் வைத்தார். கடன் வாங்குவதும், வட்டி கட்ட முடியாமல் துரத்தப்படுவதும் ஏழைக்கு உலகில் பெருந்துன்பம் என்றும் அங்குத்தர நிகாயம் படிப்படியாக விவரிக்கிறது. சங்கத்தில் சேர வருபவரிடம் கேட்கப்படும் கேள்விகளுள், கடன் இல்லாதவர்தானா என்பதும் ஒன்று. துறவு கடன்காரரிடமிருந்து தப்பும் வழியாகிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். ஆனால் கேள்வி நிகழ்காலத்தைப் பற்றியது. கடனைத் தீர்த்துவிட்டு வந்தால் வாசல் திறக்கும். முன்பு எப்போது, எத்தனை நாள் தாமதித்தார் என்று துருவுவது அதன் நோக்கமன்று.

கடனை எழுதி வைக்கும்படி ஆணையிட்டது குர்ஆன். இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், தவணைக் கடனைச் சாட்சிகளோடு நேர்மையாக எழுதச் சொல்கிறது. குர்ஆனில் மிக நீண்ட வசனம் அதுவே. அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னால், 280-ஆம் வசனத்தில், கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்ற கட்டளை இருக்கிறது. எழுத்தும் இரக்கமும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா எனும் இறுதித் தொழுகை நடத்த நபிகள் தயங்கியதும், தோழர் ஒருவர் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பின் தொழுததும் ஹதீஸ்களில் பதிவாகியுள்ளன. கடனின் கனத்தை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது. அதே மரபு, கட்டாயக் கொடையான ஜகாத்தைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவரையும் சேர்த்தது. கடன் கனமானது என்பதாலேயே அதைத் தூக்க மற்றவர்களும் கைகொடுக்க வேண்டும் என்பது இதன் தருக்கம்.

கடனுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதை மிகத் தெளிவாகச் சொன்னது யூத வேதம். ஒவ்வொரு ஏழாம் ஆண்டிலும் சக இஸ்ரவேலரின் கடனை விட்டுவிட வேண்டும் என்கிறது உபாகமத்தின் 15-ஆம் அதிகாரம். ஏழாம் ஆண்டு நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கடன் மறுக்காதே என்ற எச்சரிக்கையும் அங்கேயே உண்டு. அந்த எச்சரிக்கை பலிக்காமல், மக்கள் கடன் கொடுக்கவே தயங்கினர். அதனால் கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து வசூலிக்க வழிசெய்யும் புரோஸ்புல் என்ற ஆவணத்தை யூத அறிஞர் ஹில்லேல் ஏற்படுத்தினார். மன்னிப்பு மட்டுமே சட்டமானால் கடன் வற்றிவிடும் என்பதையும், அதனால் முதலில் அடிபடுபவர் ஏழைதான் என்பதையும் அந்த மரபு தன் அனுபவத்திலேயே கண்டது.

மரபுகள் ஒத்துச் சொல்வது

இத்தனை வேறுபாடுகளுக்கு நடுவே மூன்று முடிவுகள் பொதுவாக நிற்கின்றன. முதலாவது, வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது அறம். அதை எழுதி வைப்பதும் அறமே. இரண்டாவது, கொடுக்க முடியாதவரையும் கொடுக்காதவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கற்கும் காலத்தில் இருப்பவருக்குத் தனிச் சலுகை வேண்டும். மூன்றாவது, கடனுக்கும் அதன் நினைவுக்கும் ஒரு முடிவு வேண்டும். நினைவைப் பற்றி வள்ளுவரின் பார்வையும் இதையே ஒட்டியது. பெற்ற உதவியை மறவாமையையும், பிறர் செய்த தீங்கை அன்றைக்கே மறப்பதையும் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தின் ஒரே குறளில் அவர் சேர்த்து வைத்தார். வாங்கியவர் நினைக்க வேண்டும். கொடுத்தவர் மறக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், இன்றைய கடன் பதிவு முதல் முடிவை நன்றாகவே நிறைவேற்றுகிறது. பதிவு இருப்பதால்தான் முன்பின் தெரியாத ஒருவரை நம்பி வங்கி கடன் கொடுக்க முடிகிறது. ஒழுங்காகக் கட்டும் ஏழைக்கு அது ஒரு நற்சான்று. பதிவில் தவறு இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமையும் உண்டு. 30 நாட்களுக்குள் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட்டது. உண்மையைக் காப்பதில் முறை அக்கறை காட்டுகிறது.

இரண்டாவது முடிவில் அது தடுமாறுகிறது. கட்டத்தில் நாள் கணக்கு ஏறுகிறது, காரணம் ஏறுவதில்லை. மூன்றாவதில் தடுமாற்றம் இன்னும் பெரிது. கடன் தகவலைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. உபாகமத்தில் ஏழாம் ஆண்டு கடனின் முடிவு. இங்கே ஏழு ஆண்டு நினைவின் கீழ் எல்லை. இதைவிடக் கடுமையான இடம் 2016-இன் திவால் சட்டத்தில் இருக்கிறது. தனிநபர் கடன் விடுவிப்பிலிருந்து விலக்கப்பட்ட கடன்களின் பட்டியலில், நீதிமன்ற அபராதம், ஜீவனாம்சம் ஆகியவற்றோடு மாணவர் கடனையும் அது சேர்த்திருக்கிறது. தனிநபர்களுக்கான அந்தப் பகுதி பெரும்பாலும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை; ஆனால் கருத்து பதிவாகிவிட்டது. தொழில் நொடித்தவருக்குக் கிடைக்கும் மறுவாழ்வு, படித்து வேலை கிடைக்காதவருக்கு இல்லை என்பதே அதன் பொருள்.

நீதிமன்றங்களின் பார்வையும் இரு பக்கமும் சாய்ந்திருக்கிறது. சிபில் மதிப்பெண் குறைவு என்பதை மட்டும் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது, வங்கிகள் மனிதாபிமானத்தோடு அணுக வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது. மாறாக 2025-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், பொதுத்துறை வங்கி ஒன்றின் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் வரலாறு சரியில்லை என்று ரத்தானது. கடன்களை அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டும், பொதுப்பணத்தைக் கையாளும் பணிக்கு நிதி ஒழுக்கம் அவசியம் என்று நீதிமன்றம் ரத்தை உறுதி செய்தது. அது கல்விக் கடன் வழக்கு அன்று. ஆனால் அந்தத் தருக்கம் கல்விக் கடனுக்கும் நீண்டால், வேலை இல்லாததால் தவணை தவறும், தவணை தவறியதால் வேலை கிடைக்காது என்ற சுழலில் மாணவர் சிக்குவார்.

எதிர்வாதமும் அதன் எல்லையும்

எதிர்வாதத்துக்கு வலு உண்டு. வங்கியின் பணம், முதியவர்களும் சிறு வியாபாரிகளும் போட்ட வைப்புத்தொகை. பரிவு என்ற பெயரில் பதிவை அழித்தால், வசதி இருந்தும் கட்டாதவர் தப்பிப்பார். சிரமப்பட்டுக் கட்டியவர் ஏமாந்தவர் ஆவார். அடுத்த மாணவருக்குக் கடன் கிடைக்காது. ஹில்லேல் கண்ட ஆபத்து இதுதான். கற்ற கல்வியை ஜப்தி செய்ய முடியாது என்பதால், கல்விக் கடனில் வங்கிக்கு இருக்கும் ஒரே பிடி பதிவு என்றும் சொல்லலாம்.

இந்த வாதம் பதிவு இருக்க வேண்டும் என்பதை நிறுவுகிறது. பதிவைக் குணச்சான்றாகக் கொள்ளலாம் என்பதை நிறுவவில்லை. மதிப்பெண் ஒரு கணிப்பு: இவரைப் போன்ற கடன் வரலாறு உள்ளவர்கள் திருப்பிக் கட்டும் வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கு. கணிப்பு கடன் கொடுப்பவருக்கு உதவும். குணத்தைப் பற்றிய தீர்ப்புக்கோ மனம் தெரிய வேண்டும், சூழல் தெரிய வேண்டும், தரப்பைச் சொல்ல வாய்ப்பு வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஓர் எண்ணை வைத்து ஒருவரை நேர்மையற்றவர் என்று ஒதுக்குவது, விசாரணை இல்லாமல் தண்டிப்பது. அதிலும் மாணவர் கடன் வாங்கியபோது வேலைச் சந்தை அவர் கையில் இல்லை. கல்லூரியின் தரமும் அவர் கையில் இல்லை.

ஆகவே கடமை ஒருவர் மேல் மட்டும் விழுவதில்லை. கடன் வாங்கியவர், முடிந்தபோது கட்ட வேண்டும். முடியாதபோது ஒளியாமல் வங்கிக்குப் போய் நிலையைச் சொல்லித் தவணை மாற்றம் கேட்க வேண்டும். மனம் இருக்கிறது என்பதற்கு அவர் தரக்கூடிய சான்று அதுதான். வங்கி, வேலையின்மையையும் நோயையும் மரணத்தையும் விசாரித்து அறிந்து, அந்தக் காரணத்தைத் தான் அனுப்பும் தகவலோடு சேர்க்க வேண்டும். வேலை கொடுப்பவர், தீர்ந்த கல்விக் கடனின் பழைய தாமதத்தைத் தகுதிக் குறைவாகக் கொள்ளக் கூடாது. அரசு, படிப்புக் காலத்து வட்டியை எல்லா ஏழை மாணவருக்கும் ஏற்க வேண்டும். உண்மையிலேயே முடியாமல் போனவருக்குத் திவால் சட்டத்தின் கதவைத் திறக்க வேண்டும். பிழைக்க வழி தேடிக் கல்வி கற்றவர் தவணை தவறினால், அதற்கு அவர் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்பது அறம்; அந்தத் தவறையே அவருடைய குணம் என்று ஆயுளுக்கும் எழுதி வைப்பது அறமாகாது.